மிஞ்சிப்போன ஆண்கள்

தமிழ்ப் பத்திரிகைகளில் கொரில்லா என்ற சொல் அதிகம் வந்தது விலங்குகளைப் பற்றிய செய்திகளில் அல்ல, போர்ச் செய்திகளில். வியட்நாமில் கொரில்லாத் தாக்குதல், கியூபாவில் கொரில்லாப் படை என்று எழுதியெழுதி, ஸ்பானிய மொழியில் சிறுபோர் என்று பொருள்படும் கெரில்லாவையும், ஆப்பிரிக்கக் காட்டில் இலை தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சாதுவையும் ஒன்றாக்கிவிட்டோம். அச்சில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு 1933-ல் வந்த ‘கிங் காங்’ வேறு. கட்டடத்தின் உச்சியில் நின்று விமானத்தைப் பிடிக்கும் அந்தப் பிராணியையும் பத்திரிகையின் போராளியையும் கூட்டிக் கலந்தால் கிடைப்பதுதான் நம் மனதில் இருக்கும் கொரில்லா.

நிஜக் கொரில்லா குடும்பஸ்தர். ஒரு பெரிய ஆண், மூன்று நான்கு பெண்கள், அவற்றின் பிள்ளைகள். ஆணுக்கு 12 வயதைத் தாண்டியதும் முதுகில் சாம்பலும் வெள்ளையுமாக ரோமம் வளர்கிறது. ஆங்கிலத்தில் இதற்கென்று ஒரு பெயர் உண்டு. அதை ‘வெள்ளிமுதுகு’ என்று மொழிபெயர்த்தால் ஏதோ மீன் வகை போல ஒலிக்கிறது. ‘தலைவன்’ என்றால் அகப்பொருள் வந்து நிற்கிறது. இந்தக் கட்டுரையைப் பொறுத்தவரை ‘பெரியவர்’ என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே போவது, எப்போது உட்காருவது, எங்கே இரவுக்குப் படுக்கை போடுவது என்று முடிவு செய்வது அவர். பிள்ளைகள் சண்டை போட்டால் விலக்கிவிடுவதும் அவர்தான். எடை 150 கிலோவுக்கு மேல் போகும். பெண்ணின் எடை இதில் பாதி.

இந்தக் குடும்பத்தை அப்படியே ஒரு நகரத்தின் நடுவே, டிக்கெட் வாங்கி வரும் ஜனங்களின் முன்னால் உட்கார வைத்துப் பிள்ளை பெறச் செய்ய முடியுமா? முடியும் என்று உலகத்தின் பெரிய மிருகக்காட்சிசாலைகள் நிரூபித்துவிட்டன. நிரூபித்த பிறகு அவை மாட்டிக்கொண்ட சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்தச் சிக்கலின் ஒரு நுனி 2021-ல் மைசூர் வரை வந்து சேர்ந்தது.

கூண்டுக்குள் கொரில்லா பிள்ளை பெறும் என்பதையே 1956 வரை யாரும் பார்த்ததில்லை. அந்த வருஷம் டிசம்பர் 22 காலையில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்த வாரன் தாமஸ் என்ற கால்நடை மருத்துவ மாணவர் கொரில்லாக் கூண்டைப் பார்க்கப் போனார். தரையில் பனிக்குடம் கிழியாமல் ஒரு சிசு கிடந்தது. எடுத்துக் கிழித்து, வாயோடு வாய் வைத்து ஊதி உயிர் கொடுத்தார். ஊர்ப் பெயரையும் மாநிலப் பெயரையும் சேர்த்து அதற்குக் கோலோ என்று பெயர் வைத்தார்கள். சட்டை போட்டு, தொட்டிலில் கிடத்தி, மனிதக் குழந்தையாகவே வளர்த்தார்கள். கோலோ 60 வயது வரை, 2017 ஜனவரி வரை இருந்தது. கொள்ளுப் பேரப்பிள்ளைகளைத் தாண்டியும் வம்சம் பார்த்த கிழவி.

இரண்டாவது பிறப்பு 1959-ல், ஸ்விட்சர்லாந்தின் பாஸெல் நகரில். தாய் அகில்லா சிசுவைக் கையில் வைத்துக்கொண்டதே தவிர, பால் குடிக்க எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. இயக்குநர் எர்ன்ஸ்ட் லாங் சிசுவை எடுத்துத் தன் வீட்டுக்கே கொண்டுபோய் வளர்த்தார். அந்தப் பெண் சிசுவின் பெயர் கோமா. 1961-ல் அகில்லா மறுபடி ஈன்றது. இந்த முறை பிடிக்கத் தெரிந்துவிட்டது. ஜாம்போ என்ற அந்த ஆண்தான் மனிதக் காவலில் தன் தாயிடமே வளர்ந்த முதல் கொரில்லா.

‘சிசு’, ‘பிள்ளை’ என்று எழுதுவதைச் சிலர் ஆட்சேபிக்கலாம். விலங்கென்றால் குட்டிதானே என்பார்கள். தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இந்தக் கூச்சம் தேவையில்லை. மரபியலில் குரங்கின் இளமைப் பெயராகக் குட்டி உண்டு. கூடவே மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு எல்லாம் உண்டு. மகவு என்று மனிதக் குழந்தைக்குச் சொல்வதையே மரத்தில் வாழும் குரங்குக்கும் சொல்லலாம் என்று இலக்கணம் அனுமதி கொடுத்திருக்கிறது. ஆண் கடுவன், பெண் மந்தி. ஆனால் 150 கிலோ எடையில் உட்கார்ந்திருப்பதைக் கடுவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கடுவன் கிளைக்குக் கிளை தாவ வேண்டும்.

அகில்லா விஷயத்தில் தெரிந்த உண்மை முக்கியமானது. தாய்மை என்பது கொரில்லாவின் ரத்தத்தில் தானாக ஊறுவதல்ல. மற்ற தாய்களைப் பார்த்துக் கற்பது. அந்தக் காலத்துக் கூண்டுகளில் இருந்த கொரில்லாக்கள் எல்லாம் காட்டில் பிடிபட்டவை. பெரியவரையும் தாயையும் சுட்டுவிட்டு, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பிய்த்தெடுத்து வருவதுதான் பிடிக்கும் முறை. இரண்டு மூன்று வயதில் குடும்பத்தை இழந்த அநாதைகள், யாரிடமிருந்து எதைக் கற்றிருக்கும்? அப்படி வந்தவற்றை ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று நோவாவின் பேழையில் ஏற்றியதுபோல ஒரு கூண்டில் போட்டார்கள். சேர்ந்தே வளர்ந்ததால் பல ஜோடிகள் அண்ணன் தங்கை மாதிரி ஆகிவிட்டன. எதற்குப் போட்டோமோ அது நடக்கவில்லையே என்று நிர்வாகிகள் தலையைச் சொறிந்தார்கள்.

லண்டனில் கை என்றொரு பிரபலமான ஆண் இருந்தது. 1947 நவம்பர் 5, கை ஃபாக்ஸ் தினத்தன்று வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். தனியாகவே வாலிபத்தைக் கழித்தது. பெண் துணை கொடுத்தது 1969-ல். பிள்ளை இல்லை. பார்வையாளர்கள் ஆசையாகக் கொடுத்த இனிப்புகளால் பல் சொத்தையாகி, 1978-ல் பல் அறுவை சிகிச்சையின்போது மாரடைப்பில் செத்தது. ஒரு நகரம் ஒரு விலங்கை நேசித்த விதம் இது.

இதே தனிமையில் தொடங்கி வேறு மாதிரி முடிந்த கதை அட்லாண்டாவுடையது. 1961-ல் அங்கே வந்த கொரில்லாவுக்கு மேயர் வில்லியம் பெர்ரி ஹார்ட்ஸ்ஃபீல்டின் பெயரைச் சுருக்கி வில்லி பி. என்று வைத்தார்கள். சிமென்ட் தரை, கம்பி, தொங்கவிட்ட ஒரு டயர், ஒரு டெலிவிஷன் பெட்டி. இவ்வளவுதான் 27 வருஷம். வானமே பார்க்கவில்லை. 1984-ல் அமெரிக்காவின் மிக மோசமான மிருகக்காட்சிசாலைகளில் ஒன்று என்று அட்லாண்டாவுக்குப் பெயர் வந்து ஊர் மானம் போனது. அப்போது பொறுப்புக்கு வந்தவர் டெர்ரி மேப்பிள், குரங்குகளின் நடத்தையைப் படித்த உளவியல் பேராசிரியர். புல்லும் மரமும் சரிவுமாக ஒரு வெளியைக் கட்டி, பக்கத்திலிருந்த யெர்க்ஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து கொரில்லாக்களைக் கடனாக வாங்கினார்கள். 1988-ல் வில்லி பி. முதல்முறையாக மண்ணில் கால் வைத்தது. 1994-ல் முதல் பிள்ளை. அமெரிக்கத் தெற்கில் எங்கே பார்த்தாலும் படர்ந்துகிடக்கும் கொடியின் பெயரான குட்ஸு என்று அதற்குப் பெயர். 2000-ல் வில்லி பி. இறப்பதற்குள் ஐந்து பிள்ளைகள். அஞ்சலிக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது.

27 வருஷம் டெலிவிஷனோடு இருந்த ஓர் ஆண், நாற்பதை நெருங்கும்போது குடும்பத் தலைவனாக நடந்துகொள்ள முடிந்தது என்பது பலருக்கு ஆச்சரியம். காரணம், இந்த முறை இடமும் கூட்டமும் சேர்ந்து கிடைத்தன. இடத்தின் பாடத்தை முதலில் சொன்னது சியாட்டில். 1970-களின் இறுதியில் அங்கே வுட்லண்ட் பார்க்கில் ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலை நிறுவனம் கொரில்லாவுக்குக் கூண்டு கட்டாமல் ஒரு காட்டைக் கட்டியது. அதுவரை கழுவி விடத் தோதாக ஓடு பதித்த அறைதான் சுகாதாரம். கூட்டத்தின் பாடத்தைச் சொன்னவர்கள் காட்டிலேயே போய் உட்கார்ந்தவர்கள். 1959-ல் ஜார்ஜ் ஷாலர், பின்பு டயன் ஃபாஸி. பெண் கொரில்லா வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போகும், தனக்குப் பிடித்த ஆணிடம் சேரும், பிடிக்காவிட்டால் அதையும் விட்டு வேறிடம் போகும் என்று அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எழுதினார்கள். யாரை யாரோடு சேர்ப்பது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்பவர்கள், இங்கே முடிவு செய்வது பெண் என்று தெரிந்துகொண்டார்கள்.

தாய்மையைக் கற்றுக்கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். கைவளர்ப்பாக வளர்ந்த பெண்களுக்குப் பொம்மையைக் கொடுத்து, தூக்கு, மார்போடு வை, காவலாளியிடம் கொண்டுவந்து காட்டு என்று பயிற்சி. சிகாகோவின் புரூக்ஃபீல்டில் பின்டி ஜுவா என்ற பெண் இப்படித் தயாரானது. 1996 ஆகஸ்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் அதன் இடத்துக்குள் விழுந்தபோது, தன் பிள்ளையை முதுகில் சுமந்தபடியே அவனைத் தூக்கிக் காவலாளிகள் வரும் கதவருகே கொண்டுபோய் வைத்தது. உலகம் கண்ணீர் விட்டது. கருணையா, பயிற்சியா என்று அப்போது பெரிய விவாதம். மனிதத் தாய்களிடம் இதை யாரும் கேட்பதில்லை.

இனி அந்தச் சிக்கல்.

1975-ல் அமலுக்கு வந்த அழியும் உயிரினங்கள் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை, காட்டுக் கொரில்லாவை வாங்குவதற்குக் கதவடைத்தது. இருப்பதை வைத்துக் குடித்தனம் நடத்த வேண்டும். ரத்த சம்பந்தம் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொன்றின் பெற்றோர், பிறந்த ஊர், போன ஊர் எல்லாம் எழுதிய வம்சாவளிப் பதிவேடு ஒன்று ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் பராமரிக்கப்பட்டது. 1980-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இனப்பெருக்கத்துக்கான கூட்டுத் திட்டங்கள் பிறந்தன. இன்ன ஊர்ப் பெண் இன்ன ஊருக்குப் போகட்டும் என்று கமிட்டி சிபாரிசு செய்யும். பெரும்பாலும் விற்பனை கிடையாது, இரவல்தான். ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும். கோத்திரம் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கமிட்டி சொன்னால் போய்த்தான் ஆக வேண்டுமா? 1991-ல் கிளீவ்லாந்தில் இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது. டிம்மி என்ற ஆண் வருஷக்கணக்காகத் தனியாக இருந்து, கடைசியில் கேட் என்ற பெண்ணோடு ஒட்டிக்கொண்டது. கேட்டுக்குப் பிள்ளை பிறக்காது. டிம்மியோ காட்டில் பிறந்தது. அதன் ரத்தம் எந்தப் பிள்ளையிடமும் இல்லை, எனவே பதிவேட்டில் அதற்கு மதிப்பு அதிகம். நியூயார்க்கின் பிராங்க்ஸுக்கு அனுப்பச் சொன்னார்கள். பிராணி நல அமைப்பினர் வழக்குப் போட்டார்கள், ஊர் இரண்டுபட்டது. கோர்ட் அனுப்பலாம் என்றது. டிம்மி போனது, பதின்மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனானது, 2011-ல் 52 வயதில் இறந்தது.

குறுந்தொகையில் ஒரு மந்தி உண்டு. தன் ஆண் செத்ததும், மரமேறக்கூடக் கற்காத பறழைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து குதித்துவிடும். எம்.ஏ. வகுப்பில் இதைப் படிக்கும்போது உயர்வு நவிற்சி என்று நாங்கள் சிரித்ததுண்டு. டிம்மி வழக்கில் ஒரு தரப்பு ஏறக்குறைய இந்த மந்தியைத்தான் சாட்சிக்கு அழைத்தது. மறு தரப்பு பதின்மூன்று பிள்ளைகளைக் காட்டியது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், நான் டிம்மியை அனுப்பியவர்கள் பக்கம். பிறந்த காட்டிலேயே இருந்திருந்தால் அது ஒரு கூட்டத்தின் பெரியவராக இருந்திருக்கும். பிராங்க்ஸ் திருப்பிக் கொடுத்தது அதைத்தான். ஆனால் கேட்டை யாரும் எங்கேயும் கேட்டு எழுதிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதின்மூன்று பிள்ளைகள் என்றதும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. குடும்பத்துக்குத் தேவையோ நான்கு பெண்ணுக்கு ஓர் ஆண். ஒரு கூட்டத்தில் பிறக்கும் மகன் பத்து வயதை எட்டும்போது தகப்பன் முறைக்க ஆரம்பிக்கிறது. காட்டில் அவன் வெளியேறித் தனியாகத் திரிவான். நகரத்தில் எங்கே திரிவது? நன்றாகப் பிள்ளை பெற வைக்கத் தெரிந்துகொண்ட ஒவ்வொரு ஊரும் இருபது வருஷத்தில் மிஞ்சிப்போன ஆண்களை உற்பத்தி செய்தது. அவை 40 வயது வரை வாழும். ஆளுக்கொரு தனியறை கொடுத்தால் மறுபடி வில்லி பி.யின் டெலிவிஷனுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கண்டுபிடித்த வழி, பிரம்மச்சாரிக் கூட்டம். தகப்பன் விரட்டும் வயதுக்கு முன்பே இளம் ஆண்களைப் பிரித்தெடுத்து, வயதில் மூத்த ஓர் ஆணின் கீழ் சேர்த்து வளர்ப்பது. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் லோரோ பார்க், இங்கிலாந்தில் பெய்ன்டன் போன்ற இடங்கள் இப்படி வைத்துப் பார்த்தன. சிறு வயதில் விளையாட்டும் கும்மாளமுமாகப் போகிறது. வெள்ளை ரோமம் வளர்கிற வயதில் கடி, காயம், பிரிப்பு எல்லாம் வரும். ஆளுக்கு ஒதுங்க இடம் வேண்டும், ஒன்றின் கண்ணில் படாமல் மற்றது உட்கார மறைவு வேண்டும், ஒரே ஒரு வாசல் உள்ள அறை கூடாது. பெண் கொரில்லாவின் வாசனை எட்டாத தூரம் என்பதும் ஒரு நிபந்தனை. ஐரோப்பாவில் சில இடங்களில் சிறு வயதிலேயே ஆண்களுக்கு விதை நீக்கம் செய்து குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் முயன்றார்கள். அப்படிச் செய்தால் முதுகு வெளுப்பதில்லை, தகப்பனும் முறைப்பதில்லை. நம்மூரில் காளையை எருதாக்குவது போலத்தான். எருதுக்கு உழவு இருந்தது. அழியும் இனத்தைக் காக்கப் பிறக்க வைத்த உயிரை அதே காரணத்துக்காக மலடாக்குவதைப் பார்க்கும்போது, எந்த இடத்தில் கணக்கு தப்பியது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

வேண்டாத பிறப்பைத் தடுக்கப் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆனால் பிள்ளையே இல்லாத கூட்டத்தில் மூத்த மகள்கள் எதைப் பார்த்துத் தாயாகக் கற்பார்கள்? மறுபடி அகில்லாவிடமே போய் நிற்போம்.

இரவல் ஆண் வரும்போது நடப்பது இன்னொரு சங்கடம். காட்டில் புதுப் பெரியவர் வந்தால், பழையவரின் பால்குடிப் பிள்ளையைக் கொல்வதுண்டு. பால் நின்றால் தாய் சீக்கிரம் மறுபடி கருத்தரிக்கும் என்பது இயற்கையின் குரூரமான கணக்கு. அதனால்தான் நகரத்தில் வாரக்கணக்கில் கம்பிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வைத்து, வாசனை பழக்கி, ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். அப்படியும் தவறும். லண்டனில் 2010-ல் யெபோவா என்ற ஆண் இறந்து, அதன் பிள்ளை டைனி பிற்பாடு பிறந்தது. புதிதாக வந்த கேஷோவோடு கூட்டத்தைச் சேர்த்தபோது பிள்ளைக்குக் கை முறிந்தது. 2011 மே மாதம் அறுவை சிகிச்சையில் இறந்துபோனது. பத்திரிகைகள் கேஷோவைக் கொலைகாரன் ஆக்கின.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதக் காவலில் வளர்ந்த ஆண் கொரில்லாக்களை அதிகம் கொல்வது இதய நோய். வெகு காலம் அவற்றுக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த பிஸ்கட்தான் முக்கிய ஆகாரம். அரை மணியில் தின்று முடித்து, மிச்சப் பொழுதில் தின்றதை வாந்தியெடுத்து மறுபடி தின்னும் வழக்கம் பலவற்றுக்கு உண்டு. கிளீவ்லாந்தில் பிரம்மச்சாரிகளாக இருந்த மொகோலோ, பெபாக் என்ற இரண்டுக்கும் பிஸ்கட்டை நிறுத்தி, கீரை, குதிரைமசால், பீன்ஸ், மரக்கிளை என்று மூட்டை மூட்டையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளில் பாதி மென்றுகொண்டே போயிற்று. ஒரு வருஷத்தில் ஆளுக்கு 30 கிலோ அளவுக்கு இளைத்தன, வாந்தி வழக்கமும் நின்றது. காட்டில் இவை விரும்பித் தின்பவற்றில் ஒன்று நம் ஏலக்காய்க்குப் பங்காளி முறையாகும் ஒரு செடி. அதன் விதையில் வீக்கத்தைத் தணிக்கும் குணம் உண்டு என்பதால், இதயத்துக்கு அது மருந்தாக இருந்திருக்குமோ என்று ஆராய்கிறார்கள்.

ஜனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரில்லாவுக்கு நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பதும் பல்லைக் காட்டுவதும் சண்டைக்கு அழைப்பு. ராட்டர்டாமில் போகிட்டோ என்ற ஆணைப் பார்க்க வாரத்துக்கு நான்கு முறை வந்து கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார் ஒரு பெண். தனக்கும் அதற்கும் நடுவே ஒரு தனி நேசம் இருப்பதாக அவருக்கு எண்ணம். 2007 மே மாதம் போகிட்டோ அகழியைத் தாண்டி வந்து அவரைப் படுகாயப்படுத்தியது. பிறகு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி, கண் வேறு பக்கம் பார்ப்பதுபோல அச்சடித்த அட்டைக் கண்ணாடிகளைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தது. சிரிப்பாக இருந்தாலும், நான் படித்த யோசனைகளில் உருப்படியானது அதுதான். 2016-ல் சின்சினாட்டியில் மூன்று வயதுப் பையன் அகழிக்குள் விழுந்து, 17 வயது ஹராம்பேயைச் சுட்டுக்கொன்ற கதை எல்லோருக்கும் தெரியும். மயக்க ஊசி வேலை செய்ய நேரமாகும், அதற்குள் பையன் கதி என்னவாகும் என்பது நிர்வாகத்தின் பதில். அந்த இடத்தில் நின்றவர்களுக்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. குறை வேலியில்.

இவ்வளவும் எதற்கு, காட்டைக் காப்பாற்றவா? அப்படித்தான் அறிவிப்புப் பலகைகள் சொல்கின்றன. மிருகக்காட்சிசாலைகளில் இருப்பவை அநேகமாக எல்லாமே மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். இங்கிலாந்தில் ஜான் ஆஸ்பினால் என்ற சூதாட்ட விடுதிக்காரர் தன் பண்ணையில் வைக்கோல் மெத்தையும் வகைவகையான தீனியும் கொடுத்து எல்லோரையும்விட நன்றாகப் பெருக்கினார். அவர் தொடங்கிய அறக்கட்டளை 2013-ல் ஒரு முழுக் குடும்பத்தையே விமானத்தில் ஏற்றி ஆப்பிரிக்காவின் கேபனுக்கு அனுப்பியது. அடுத்த வருஷம் அந்தக் குடும்பத்தின் பெண்கள் பலர் செத்துக் கிடந்தார்கள். காட்டு ஆண் ஒன்றின் வேலையாக இருக்கலாம் என்றார்கள். மறுபக்கம், எந்த மிருகக்காட்சிசாலையிலும் இல்லாத மலைக் கொரில்லாவைப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் விருங்கா மலைகளில் சுமார் 250 இருந்தன. இன்று அங்கும் உகாண்டாவின் பிவிண்டியிலும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. காவலாளிகளும், காட்டுக்குள்ளேயே போய் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்களும், சுற்றுலாப் பணமும் செய்த வேலை அது. நகரத்துக் கொரில்லாவால் காட்டுக்கு லாபம் உண்டென்றால், அது டிக்கெட் காசில் ஒரு பங்கு அங்கே போய்ச் சேரும்போதுதான்.

இப்போது மைசூர். 1892-ல் சாமராஜேந்திர உடையார் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலை, இன்றைக்கு ஊரின் நடுவே இருக்கிறது. அயர்லாந்தின் டப்ளினிலிருந்து 1995-ல் அங்கே போலோ என்ற ஆண் வந்தது. நாட்டின் ஒரே கொரில்லா என்ற பட்டத்தோடு, துணையில்லாமல் காலம் கழித்து 2014-ல் இறந்தது. பள்ளிச் சுற்றுலாவில் போலோவைப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டிலும் நிறையப் பேர் இருப்பார்கள். 2021 ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்று இரண்டு வந்தன. அப்போது ஒன்றுக்கு 14 வயது, மற்றதற்கு 8. இரண்டும் ஆண். வரவேற்றுப் பூரித்தவர்கள் பலருக்கு உடனே தோன்றிய கேள்வி, பெண் எப்போது வரும், பிள்ளை எப்போது பிறக்கும் என்பதுதான்.

அந்தக் கேள்வியை நாம் விட்டுவிடுவது நல்லது. ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் இரண்டு ஆண்களில் ஒன்று தனியறைக்குப் போக வேண்டும். மூன்று பெண் கொண்டுவந்தால் பத்து வருஷத்தில் நமக்கும் மிஞ்சிப்போன மகன்கள் இருப்பார்கள். அவர்களை எடுத்துக்கொள்ள நமக்குப் பின்னால் வேறொரு மைசூர் வேண்டும். ஐரோப்பாவுக்கு இடம் இல்லாத இரண்டு ஆண்களுக்குச் சண்டையில்லாமல் முதுமை வரை இடம் கொடுப்பதே பெரிய உபகாரம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. மைசூர் செலவிட வேண்டியது பிரசவ அறைக்கு அல்ல. டெம்பாவுக்கு முதுகு வெளுக்கிற பருவத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காமல் உட்கார ஒரு மேடும், இரண்டு வாசல் வைத்த அறைகளும் வேண்டும்.